சைக்கிள் அறைச் சுவரில் நம்ம ஏரியா வரைபடம்

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். காற்று இறங்கி, தூசி படிந்த சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். ஓட்ட ஆசை இல்லாமல் இல்லை. "பையன் டியூஷனுக்கு சைக்கிள்ல போறேங்கறான், எந்த வழியா அனுப்பறதுன்னுதான் பயமா இருக்கு." பல வீடுகளில் பேச்சு இப்படித்தான் முடிகிறது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல அந்த அறையின் ஒரு சுவர் உதவும். எப்படின்னு பார்ப்போம். எடுத்துக்காட்டுக்குச் சென்னை திருவான்மியூரை வைத்துக்கொள்வோம்.

1. எந்தச் சுவர்?

வடக்குச் சுவர் கிடைத்தால் நல்லது. அதைப் பார்த்து நிற்பவருக்கு வலது கைப்பக்கம் கிழக்கு, அதாவது கடல். படத்திலும் கடல் வலப்பக்கமே இருக்கும். தெற்குச் சுவர்தான் இருக்கிறது என்றால், தெற்கை மேலே வைத்து அச்சிடுங்கள். இல்லாவிட்டால் படத்தில் வலப்பக்கம் உள்ள தெரு நேரில் இடப்பக்கம் வரும், பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். மீட்டர் போர்டும் தீயணைப்பானும் மறையக் கூடாது. சங்கத்தின் ஒப்புதலையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

2. என்ன அளவு?

1:5,000 அளவில் 1 செ.மீ. என்பது 50 மீட்டர். 150 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரம் உள்ள படத்தில் 7.5 கி.மீ.க்கு 6 கி.மீ. பரப்பு அடங்கும். திருவான்மியூரில் வீட்டை நடுவில் வைத்தால் வலது பாதியில் பெரும்பகுதி வெறும் கடலாகிவிடும். வலது ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி வையுங்கள், மேற்கே வேளச்சேரி வரை இடம் கிடைக்கும்.

அடிப்படைப் படத்துக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை இலவசமாகப் பயன்படுத்தலாம். கீழ் மூலையில் அதன் பங்களிப்பாளர்களுக்கு நன்றி அச்சிடுவது கட்டாயம்.

3. எதை வரைவது?

வெறும் தெருப்படம் செல்போனிலேயே இருக்கிறது. அதில் இல்லாதது உங்கள் அனுபவம். பள்ளி நேரத்தில் ஒருமுறை, மாலை நெரிசலில் ஒருமுறை இரண்டு மூன்று பேர் ஓட்டிப் பார்த்து, தெருக்களை மூன்றாகப் பிரியுங்கள்:

• தடித்த கோடு – பிள்ளைகள் தனியாகப் போகலாம்
• விட்டுவிட்டு வரும் கோடு – பெரியவர்களுக்கு மட்டும்
• புள்ளிக்கோடு – நெரிசல் நேரத்தில் வேண்டாம்

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் உண்டு.

உள்தெருக்கள் அமைதியாகவே இருக்கும். சிக்கல், எல்.பி. சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை, ராஜீவ் காந்தி சாலை போன்றவற்றை எங்கே கடப்பது என்பதுதான். எனவே சிக்னல்களைப் பெரிதாகக் குறியுங்கள். பறக்கும் ரயில் நிலையம், நூலகம், ரேஷன் கடை, பஞ்சர் கடை ஆகியவையும் வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் இடங்களுக்கு எடுத்து ஒட்டக்கூடிய நீல ஸ்டிக்கர் வையுங்கள்.

4. தூரமா, நேரமா?

மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம். ஆனால் காம்பஸ் வைத்து வட்டம் போட்டுவிடாதீர்கள். கிண்டி தேசியப் பூங்காவும் ஐ.ஐ.டி. வளாகமும் குறுக்கே இருப்பதால், அந்தப் பக்கம் சுற்றித்தான் போகவேண்டும். கடிகாரத்தோடு ஓட்டிப் பார்த்து நிமிடங்களை எழுதுங்கள்.

5. எதில் அச்சிடுவது?

தரைத்தளச் சுவர்களில் ஈரம் ஏறும், காகிதம் உரிந்துவிடும். வினைல் அச்சை சன்போர்டில் ஒட்டி, சுவரிலிருந்து ஓர் அங்குலம் இடைவெளி விட்டு மாட்டுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலரை அடியில் இருந்தால் பிள்ளைகளுக்கும் எட்டும். முன்னால் ஒரு மீட்டருக்குச் சைக்கிள் நிறுத்தாதபடி தரையில் கோடு போடுங்கள்.

6. மாட்டியதோடு முடியவில்லை

பள்ளம், எரியாத தெருவிளக்கு தென்பட்டால் அந்த இடத்தில் சிவப்புப் பின் குத்துங்கள். சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணையும் தேதியையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். சரியானதும் பின்னை எடுத்துவிடலாம். அவசர உதவிக்கான 108, 112 எண்களும் படத்தில் இருக்கட்டும்.

முதல் வாரம் பிள்ளையோடு நீங்களும் ஓட்டிப் போய் வாருங்கள். எந்தக் கோடு எந்தத் தெரு என்பது பழகிவிட்டால், அடுத்த வாரம் "பார்த்துப் போயிட்டு வாப்பா" என்று வாசலிலிருந்தே அனுப்பலாம்.