வீட்டுத் திரையறைக்கு டிம்மர் விளக்கு

யாங்கோனில் படம் பார்க்கவென்றே ஓர் அறை ஒதுக்குபவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது மின்வெட்டைத்தான். 'படம்', 'இடைவேளை', 'துப்புரவு' என ஒளியளவுகளைப் பதிந்துவைக்கும் டிம்மர், மின்சாரம் போய்த் திரும்பிய பிறகும் அவற்றை நினைவில் வைத்திருக்கிறதா என்று கடையிலேயே அணைத்துப் போட்டுப் பாருங்கள். மின்வெட்டின்போது கைகொடுக்கும் இன்வெர்ட்டர் சுத்தமான சைன் அலை தருவதாக இருக்கட்டும். மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் டிம்மர் இரையும், சூடேறும், கெட்டும் போகலாம்.

எல்லா எல்இடி பல்புகளையும் டிம்மரால் மங்கவைக்க முடியாது. உறையில் 'டிம்மபிள்' என்றிருப்பதையே வாங்குங்கள். பல ஸ்மார்ட் டிம்மர்களுக்கு நியூட்ரல் கம்பி தேவை. பழைய கட்டடங்களில் அது சுவிட்ச் பெட்டிவரை வராமல் இருக்கலாம், முன்பே பார்த்துவிடுங்கள். படம் ஓடும்போது டிவிக்குப் பின்னால் மெல்லிய வெள்ளொளி போதும். 230 வோல்ட் இணைப்பை மட்டும் தேர்ந்த எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.