செல்லும் நாட்டை அறிந்து செல்வோம்

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரர்கள் பலர் மலேசியா, இந்தோனீசியா, புருணை ஆகிய நாடுகளுக்குச் செல்கின்றனர். இம்மூன்று நாடுகளிலும் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். இவற்றுள் புருணைக்குச் செல்ல, விமானத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். 1967ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, நம் வெள்ளியும் புருணை வெள்ளியும் ஒரே மதிப்புடையவை. எனவே, அங்குச் செல்பவர் பணத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால், பழக்கங்கள் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அவற்றுள் பலவற்றை நாம் லிட்டில் இந்தியாவிலேயே கற்றுக்கொள்ளலாம். டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் உள்ளது. அதன் முகப்பில் உள்ள கதிரவன் வடிவத்தில் 25 கதிர்கள் உள்ளன. அவற்றில் 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. 1979ஆம் ஆண்டில் இது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இங்கு வருவோர் காலணிகளைக் கழற்ற வேண்டும்; தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை அணிய வேண்டும்; தொழுபவருக்கு முன்னால் குறுக்கே நடக்கக்கூடாது. புருணையின் தலைநகரான பண்டார் ஸ்ரீ பகவானில் உள்ள பள்ளிவாசல்களிலும் இவ்வாறே நடந்துகொள்ள வேண்டும்.

மக்களோடு பழகும்போதும் கவனம் தேவை. பொருளைக் கொடுக்கவும் வாங்கவும் வலக்கையைப் பயன்படுத்துவது மரியாதை. ஒருவரை ஆட்காட்டி விரலால் சுட்டுவது அங்குப் பண்பன்று. கட்டைவிரலால் சுட்டுவதே வழக்கம். முஸ்லிம்களில் சிலர் எதிர்ப்பாலாருடன் கைகுலுக்கமாட்டார்கள். ஆகவே, அவர்கள் கை நீட்டாவிட்டால், புன்னகையுடன் தலையசைத்து வணக்கம் தெரிவிக்கலாம்.

வழக்கத்தில் நேரும் சிறு தவற்றை மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்துவிடலாம். சட்டம் அவ்வாறு அன்று. ‘எனக்குத் தெரியாது’ என்று கூறித் தண்டனையிலிருந்து தப்ப முடியாது. புருணையில் 2014ஆம் ஆண்டு முதல் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்த ஷரியா தண்டனைச் சட்டத்தின் சில பிரிவுகள், பிற சமயத்தினருக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டாக, ரமலான் மாதத்தில் நோன்பு நேரத்தில் பொது இடத்தில் உண்பதும் பருகுவதும் குற்றமாகும். மது விற்பனைக்கும் அங்குத் தடை உள்ளது. வெள்ளிக்கிழமைகளில் நண்பகல் 12 மணி முதல் 2 மணி வரை, தொழுகைக்காகக் கடைகளும் உணவகங்களும் மூடப்பட்டிருக்கும். இதை அறிந்தவர் முன்னதாகவே உண்டுவிடுவார். அறியாதவர் பசியோடு கடை கடையாக அலைவார்.

அவசர எண்களையும் தெரிந்துகொண்டு செல்வது நல்லது. சிங்கப்பூரில் மருத்துவ உதவி வண்டிக்கும் தீயணைப்புக்கும் 995 என்ற எண்ணை அழைக்கிறோம். புருணையிலோ அந்த எண் தீயணைப்புக்கு மட்டுமே உரியது. மருத்துவ உதவி வண்டிக்கு 991, காவல்துறைக்கு 993 என்ற எண்களை அழைக்க வேண்டும். பதற்றத்தில் பழகிய எண்ணை அழுத்தினால், உயிர்காக்கும் நிமிடங்கள் வீணாகலாம். மேலும், புறப்படும்முன் நம் வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் பயண விவரங்களைப் பதிந்துவைத்தால், நெருக்கடி நேரத்தில் அமைச்சு நம்மைத் தொடர்புகொள்ள முடியும். கடப்பிதழின் நகலையும் தனியே வைத்திருக்க வேண்டும்.

நம் வீட்டிற்கு வரும் விருந்தினர் வாசலிலேயே காலணியைக் கழற்றினால் நாம் மகிழ்கிறோம். நம் வழக்கத்தை அவர் மதிக்கிறார் என்பதே அதற்குக் காரணம். அடுத்த நாட்டில் நாமே விருந்தினர். அங்குள்ள வழக்கங்களை மதித்து நடப்பவரிடம் மக்கள் அன்பாகப் பழகுவர். வழி தவறி நின்றால் ஓடிவந்து உதவுவர். ஆகவே, பயணப் பையை அடுக்குவதற்கு முன்பே, செல்லும் நாட்டைப் பற்றி அறிந்துகொள்வோம்.