தானே போட்டுக்கொண்ட பாடத்திட்டம்

ஆவணப்படம் எடுக்க எந்தப் படிப்பு படிக்கணும்? எல்லாம் சேர்ந்த ஒரே படிப்பு கிடைக்கலைன்னா என்ன செய்வது? ஏ.கே. செட்டியாரைப் பாருங்கள்.

1911-ல் கோட்டையூரில் பிறந்தார். ரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகை ஆசிரியராக இருந்தார், அது தமிழ்ப்பாடம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக்கலை படித்தார், அது அறிவியல். நாடு நாடாகச் சுற்றினார், அது புவியியல்!

1937-ல் கப்பலில் போகும்போது, காந்தியடிகளைப் பற்றிப் படம் எடுக்க எண்ணம் வந்தது. பல நாடுகளில் அலைந்து, பலர் எடுத்து வைத்திருந்த பழைய படச்சுருள்களைத் தேடினார். சுமார் 50,000 அடி சேர்ந்தது. அதை வெட்டி ஒட்டி 12,000 அடியாக்கினார். 1940-ல் படம் வெளிவந்தது.

ஒரு கணக்கு: பேசும்படச் சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 12,000 ÷ 90 = சுமார் 133 நிமிடம். மீதி 38,000 அடியை ஒதுக்கணும். எதை விடுறதுன்னு தெரிவதும் ஒரு படிப்புதான்.

நம்மகிட்ட கேமரா இல்லையேன்னு சும்மா இருக்க வேண்டாம். தேடிச் சேர்ப்பதுதான் முதல் பாடம். நம்ம சங்கரன்கோவிலில் ஆடித்தபசு இருக்கு, தறிச்சத்தம் இருக்கு. எங்க ஆச்சி தறி நெய்த கதையைக் கேட்டு நோட்டில் எழுத ஆரம்பிச்சுட்டேன். ஆச்சிக்கு இப்பவே பாதி மறந்துபோச்சு. உங்க வீட்டிலும் இன்னைக்கே கேளுங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி