பாடி எப்போது ஏறியது?

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நார்மண்டியில் உங்கள் பட்டறைக்கு வந்திருக்கும் ஜி.எம்.சி. நல்ல வண்டிதான். நீளச் சேஸிஸ், தார்ப்பாய்க் கூரை போட்ட திறந்த கேபின், பின்னால் முழு இரும்புப் பாடி. "பாடி ஒரிஜினலா அண்ணே?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள். இந்தப் பாடி இந்தச் சேஸிஸ் மேல் எப்போது ஏறியது, யார் ஏற்றினார்கள் என்று கேள். முதல் கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில். இரண்டையுமே வண்டியை விற்பவர்தான் வசதிப்படி சொல்வார். இரண்டாவது கேள்விக்கான பதிலை வண்டியே சொல்லும். நீ அடியில் படுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதியை விளக்க வேண்டியதே இல்லை. கம்பெனியிலிருந்து வருவது சேஸிஸ். பாடி கட்டுவது வேறொரு பட்டறை. சேஸிஸுக்கு ஒரு வயது, பாடிக்கு வேறொரு வயது. போர்க்கால ராணுவ லாரிகளிலும் இதே கதைதான். டாஷ்போர்டில் அறைந்திருக்கும் தகட்டில் ஒப்படைத்த தேதி இருக்கிறது என்று குதிக்காதே. அது சேஸிஸோடு போன தேதி, பாடியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. போதாததற்கு அந்தத் தகட்டையே இன்று புதிதாக அச்சடித்து விற்கிறார்கள்.

சி.சி.கே.டபிள்யூ. என்கிற இந்த இரண்டரை டன் ஆறு சக்கர இயக்க லாரி 1941 முதல் 1945 வரை ஐந்தரை லட்சத்துக்கு மேல் தயாரானது. 352 என்ற குட்டைச் சேஸிஸுக்கு வீல்பேஸ் 145 அங்குலம், பாடி 9 அடி. 353 என்ற நீளச் சேஸிஸுக்கு 164 அங்குலம், பாடி 12 அடி. ஆகவே முதலில் டேப்பை எடு. இந்த இரண்டும் பொருந்தாத வண்டிகள் நீ நினைப்பதைவிட அதிகம். போருக்குப் பிறகு வந்த எம்35 லாரியின் பாடியும் ஏறக்குறைய 12 அடிதான்; ஆனால் அது கொஞ்சம் அகலம் கூடியது. பின்சக்கரத்துக்கு வெளியே பாடி எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று பின்னால் நின்று பார்த்தாலே சந்தேகம் தட்டும்.

அடுத்ததாக உலோகமா, மரமா என்ற கேள்வி. புதியவர்கள் அத்தனை பேரும் வழுக்கி விழும் இடம் இது. ஆரம்பத்தில் பாடி முழு இரும்பு. 1942-இல் இரும்பை மிச்சப்படுத்த மரத்துக்கு மாறினார்கள். மரம் சரிப்பட்டு வரவில்லை. பிறகு பக்கங்களும் சட்டமும் இரும்பு, தளம் மட்டும் பலகை என்று ஒரு கலப்புப் பாடி வந்தது. அதுவும் திருப்தி தராமல், கடைசியில் மறுபடி முழு இரும்புக்கே போனார்கள். ஆக, இரும்புப் பாடி என்பது முதல் வண்டிகளுக்கும் பொருந்தும், கடைசி வண்டிகளுக்கும் பொருந்தும், போருக்குப் பின் ஏதோ ஒரு ராணுவ டிப்போ மரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஏற்றிய பாடிக்கும் பொருந்தும். "இரும்பு" என்ற ஒரே தகவலை வைத்துக்கொண்டு தேதி சொல்கிறவரை நம்பாதே. கேபினைச் சேர்த்துப் பார். மூடிய இரும்புக் கேபின் முற்காலத்தது, உன் வண்டியில் இருக்கும் திறந்த கேபின் போரின் பிற்பாதிக்கு உரியது. திறந்த கேபினோடு இரும்புப் பாடி இருந்தால் மூன்று வாய்ப்பு: கடைசிக் காலத் தயாரிப்பு, பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றி மாட்டியது, போருக்குப் பிந்திய மாற்று. எது என்று கேபின் சொல்லாது.

சொல்லக்கூடியது போல்ட். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. போர்க்கால அமெரிக்க வண்டி முழுக்க அங்குல அளவு. அரை அங்குல போல்ட்டில் கரட்டு மரை என்றால் அங்குலத்துக்கு 13, நைஸ் மரை என்றால் 20. பிரிட்டனின் விட்வொர்த் மரையில் அதே அரை அங்குலத்துக்கு 12 தான். மரையின் கோணமும் 60 பாகை இல்லை, 55. பிரெஞ்சு டிப்போவில் கைக்குக் கிடைப்பது மெட்ரிக்: 12 மில்லிமீட்டர் போல்ட், 1.75 பிட்ச். கண்ணால் பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பிபோல் இருக்கும். மரை அளவுகோலை வைத்தால்தான் சாயம் வெளுக்கும். உன் வண்டியின் குறுக்குச் சட்டங்களைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்றிரண்டைப் பெட்ரோலில் கழுவி அளந்து பார்.

ஆனால் ஒரே ஒரு போல்ட் சாட்சி ஆகாது. தார்ப்பாய் வளைவைத் தாங்கும் போல்ட், டெயில் போர்டு கீல், சங்கிலி இவையெல்லாம் எண்பது வருடத்தில் எத்தனையோ தடவை மாறியிருக்கும். யாரும் கழற்றச் சிரமப்படும் போல்ட்டைத் தேடு: தளத்துக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது, தலை பெயிண்டில் மூழ்கியது, ஸ்பானர் ஒரு தடவைகூடப் பட்ட தழும்பு இல்லாதது. அங்கே மெட்ரிக் இருந்தால், பாடியே பிற்காலத்தில் கட்டியதாக இருக்கும். அங்கே அங்குலம் இருந்து, சேஸிஸோடு பிடிக்கும் இடத்தில் மட்டும் மெட்ரிக் என்றால், பழைய அமெரிக்கப் பாடி ஒன்றைப் பிறகு ஏற்றியிருக்கிறார்கள், அல்லது அதே பாடியைக் கழற்றித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கதை. இன்னொன்று: பிரெஞ்சு ராணுவத்திடம் அமெரிக்க உதிரிகளும் இருந்தன. ஆகவே அங்குல போல்ட் இருப்பதால் மட்டும் போர்க்காலம் என்று முடிவுகட்டிவிடாதே.

கழற்றித் திரும்ப மாட்டிய கதையா, வேறு பாடி ஏறிய கதையா என்பதைச் சேஸிஸின் மேல் விளிம்பு காட்டிக்கொடுக்கும். பாடி உட்கார்ந்த இடங்களில் இரும்பு தேய்ந்தோ, துரு ஒரு கோடுபோல் படிந்தோ இருக்கும். மேடுபள்ளத்தில் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும், பாடி அதன் மேல் லேசாக உரசிக்கொண்டே இருக்கும். அதனால் விழும் தழும்பு இது. தழும்பு ஒரு இடத்தில், இப்போதைய குறுக்குச் சட்டம் வேறொரு இடத்தில் என்றால் பேச்சுக்கே இடமில்லை. எதற்கும் பயன்படாத துளைகளையும் குறித்துக்கொள். டிரில் போட்ட துளையா, கேஸ் கட்டரால் ஊதிய துளையா என்பதையும் எழுது. தொழிற்சாலையில் யாரும் சேஸிஸை ஊதித் துளை போட மாட்டார்கள்.

அடுத்தது பெயிண்ட். மறைவான இடத்தில், ஒரு நாணய அளவுக்கு, தண்ணீர் விட்டு நைஸ் உப்புத்தாளால் சரிவாகத் தேய். வட்டத்துக்குள் வட்டமாக அடுக்குகள் தெரியும். சேஸிஸில் ஓரிடம், பாடியின் அடியில் ஓரிடம், டெயில் போர்டின் உட்பக்கம் ஓரிடம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். முகமூடி இல்லாமல் தொடாதே, உலர்வாகத் தேய்க்கவே தேய்க்காதே. போர்க்கால அமெரிக்கப் பச்சை பளபளப்பில்லாத மந்தப் பச்சை. போருக்குப் பின் வந்தது லேசான மினுமினுப்பு கொண்டது. அதற்கு மேல் பிரெஞ்சு ராணுவப் பச்சை, அதற்கு மேல் யாரோ ஒரு விவசாயியின் நீலமோ சிவப்போ. சேஸிஸின் அடியில் மந்தப் பச்சை இருந்து, பாடி மினுமினுப்பிலிருந்து தொடங்கினால் பாடி பிந்தியது. சேஸிஸில் இல்லாத ஒரு நிறம் பாடியில் இருந்தால் அது இன்னொரு வண்டியில் வாழ்ந்துவிட்டு வந்த பாடி. இரண்டும் ஒரே அடுக்கில் தொடங்கினால், டிப்போவில் முழுதாகப் பிரித்துச் சுரண்டித் திரும்பக் கட்டியிருக்கிறார்களோ என்று யோசி. இதனால்தான் சாண்ட் பிளாஸ்டிங் என்ற பேச்சை எடுத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ஒரு மத்தியானத்தில் எல்லாச் சாட்சியும் தூசியாகப் பறந்துவிடும்.

மட்டமான வேலையைக் கண்டதும் "இது பின்னால் யாரோ ஒட்டியது" என்று சொல்லிவிடாதே. 1942-க்குப் பிறகு வந்த சோவியத் சிஸ்-5வி லாரியின் கேபின் பலகையில் அடித்தது; முன்பக்கம் பிரேக்கும் இல்லை, ஹெட்லைட் ஒன்றே ஒன்று. போர் முடியும் காலத்து ஜெர்மன் லாரிகளில் மரமும் அழுத்திய அட்டையும் சேர்த்துச் செய்த கேபின் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. ஓட்டை உடைசல் தொழிற்சாலைத் தயாரிப்பாக இருக்கும். அழகான தேக்குப் பலகை போருக்குப் பிந்திய கைவேலையாக இருக்கும்.

கனடாவில் செய்த சி.எம்.பி. லாரிகள் வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நாலு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பலவற்றைப் பிரித்துப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி, போய்ச் சேர்ந்த நாட்டில் பூட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் அதன் மேல் உள்ளூர்ப் பாடி ஏறியது. இந்தியாவில் கனடா ஃபோர்டு சேஸிஸ் மேல் கவசத் தகடே ஏற்றிப் போருக்கு அனுப்பினார்கள். இந்த வண்டிகளில் உள்ளூர் மரமும் விட்வொர்த் போல்ட்டும்தான் "ஒரிஜினல்". கனடா வரைபடத்தை வைத்துக்கொண்டு அதைத் திருத்தப் போகிறவன் நல்ல வண்டியைக் கெடுக்கிறான்.

உன் ஜி.எம்.சி.க்கே வருகிறேன். 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை ஓடிய ரெட் பால் எக்ஸ்பிரஸ் சரக்குப் பாதையில் இந்த லாரிகள் இரவும் பகலும், பெரும்பாலும் அளவுக்கு மீறிய பாரத்தோடு ஓடின. ஓட்டியவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பின அமெரிக்க வீரர்கள். அந்தச் சமயத்தில் உடைந்த பாடிக்குப் பதில், கவிழ்ந்து கிடந்த இன்னொரு வண்டியின் பாடியை யாராவது மாட்டியிருந்தால் அதை எந்தப் பெயரில் எழுதுவாய்? தொழிற்சாலைக் கணக்குப்படி அது மாற்றுப் பாடி. என் கணக்கில் அதைவிடப் போர்க்காலப் பாடி கிடையாது. பசிபிக் தீவுகளில் கைவிட்ட லாரிகளை 1940-களின் கடைசியில் ஆபரேஷன் ரோல்-அப் என்ற பெயரில் ஜப்பானுக்கு இழுத்துவந்து, பிரித்துக் கட்டினார்கள். 1950-இல் கொரியாவுக்குப் போன வண்டிகளில் பெரும்பங்கு அவைதான். பிரெஞ்சு ராணுவமோ ஜி.எம்.சி.யைப் பல பத்தாண்டுகள் ஓட்டியது. இந்த வண்டிகள் போரில் இருந்ததைவிட டிப்போக்களின் கையில் இருந்த காலம் அதிகம்.

உன் படத்தை வைத்து என் ஊகத்தைச் சொல்கிறேன். பக்கத் தகட்டின் நெளிவும் மூலைகளில் ஓடும் நீள வெல்டிங்கும் பிரெஞ்சு டிப்போ வேலையைத்தான் நினைக்க வைக்கின்றன. படத்தை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். உரிமையாளர் மரப் பாடி கேட்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அவர் பணம், அவர் வண்டி, செய்துகொடு. ஆனால் கழற்றும் இரும்புப் பாடியைக் காயலான் கடைக்கு அனுப்பாதே. சேஸிஸ் எண்ணைப் பெயிண்டில் எழுதிக் கொட்டகையில் வை. புதிய மரச் சட்டத்தின் அடியில் நீ கட்டிய வருடத்தைச் சூட்டுக்கோலால் போடு. மண்ணும் கருப்பு மையும் தேய்த்துப் பழசாக்கும் வேலையில் இறங்காதே. சம்பளம் கூடக் கொடுக்கிறேன் என்றாலும். விற்பனைத் தாளில் "ஒரிஜினல்" என்ற சொல்லை எழுதச் சொன்னால், நீ அளந்ததையும் பார்த்ததையும் மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடு.

டி.எம். 9-801 கையேடும் ஜி-508 உதிரிபாகப் பட்டியலும் உங்கள் பட்டறையில் இல்லையென்றால் வாங்கச் சொல். பாடியின் ஒவ்வொரு வகைக்கும் என்ன பிராக்கெட், எத்தனை என்று பட்டியலைப் பார்த்துக் குறித்துக்கொள். போர்க்காலப் புகைப்படங்களையும் பார். ஆனால் படத்தில் இருப்பது வேறொரு வண்டி என்பதை மறக்காதே.

அடுத்து அனுப்பும் படங்களில் எனக்கு வேண்டியவை இவை: பின்சக்கர ஸ்பிரிங்குக்கு மேலே சேஸிஸின் மேல் விளிம்பு, இரண்டு பக்கமும். மூன்றாவது குறுக்குச் சட்டத்தின் உட்புற போல்ட், மரை அளவுகோலோடு. டெயில் போர்டு கீலின் பின்புறம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடு, ஃபிளாஷ் வேண்டாம். பக்கத்தில் ஒரு ஸ்கேல் கட்டாயம் இருக்கட்டும். போன தடவை நீ வைத்த தீப்பெட்டி எந்த நாட்டுத் தீப்பெட்டி என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்புடன்,
அண்ணன்