கைப்பிடி ரப்பரைக் கவனியுங்கள்

1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பேராக்கின் பல ரப்பர் தோட்டங்களோ செம்பனைக்கு மாறிவிட்டன. பால்மரம் சீவிய குடும்பங்களில் சிலர் இன்று புல்வெட்டும் இயந்திரம் பிடிக்கிறார்கள். அவர்கள் கைகளைக் காக்க உதவுவதும் ரப்பர்தான்.

எப்படி?

இயந்திரம் அதிரும்போது கைப்பிடி ரப்பர் நொடிக்குப் பல முறை நசுங்கி விரிகிறது. அதிர்வின் ஒரு பகுதி ரப்பருக்குள்ளேயே வெப்பமாக மாறி அடங்குகிறது. கரித்தூள் கலந்த ரப்பரில் இத்தன்மை கூடுதல். ஆனால், வெயிலில் வெடித்த ரப்பரும் பெட்ரோல் பட்டு உப்பிய ரப்பரும் அதிர்வைச் சரியாகத் தாங்குவதில்லை. அது நேரே கைக்கு வந்து நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் பாதிக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• வேலை தொடங்குமுன் கைப்பிடி ரப்பரைப் பாருங்கள். கெட்டிருந்தால் மாற்றித் தரக் கேளுங்கள்.
• தேய்ந்த கத்தியை மாற்றுங்கள். அதனாலும் அதிர்வு கூடும்.
• கைப்பிடியை இறுகப் பிடிக்காதீர்கள். இடையிடையே ஓய்வெடுங்கள்.
• சாதாரணக் கையுறையை மட்டும் நம்ப வேண்டாம்.
• காதடைப்பான் அணியுங்கள். மலேசியாவின் 2019 விதிமுறைப்படி 8 மணி நேர வேலைக்கு ஒலி வரம்பு 85 டெசிபல்.

விரல்களில் மரமரப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, சட்டைப் பொத்தான் போடச் சிரமம், குளிரில் விரல் வெளுத்தல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். நம் வெப்பநாட்டில் விரல் வெளுக்காமலே மரமரப்பு வரலாம்.

“வேலைக் களைப்புதான்” என்று விட்டுவிடாதீர்கள். முற்றிய பாதிப்பு முழுமையாகக் குணமாகாமல் போகலாம். அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்குக்குச் சென்று, நீங்கள் பயன்படுத்தும் இயந்திரத்தையும் வேலை நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.