இலையில் இரும்பை அளத்தல்

இரும்பு பச்சையத்தின் உறுப்பன்று. எனினும் இரும்பின்றிப் பச்சையம் உண்டாவதில்லை. அச்சத்துக் குறையுமாயின், இளந்தளிர்களில் நரம்புகள் மட்டும் பசுமையாய் நிற்க, இடைப்பகுதி மஞ்சள் நிறமடையும். பிரான்சு தேசத்து யூசெப் கிரி என்பார் 1840-களில் இத்தகைய இலைகளின்மேல் இரும்பின் உப்பைக் கரைத்துத் தடவி, பசுமை மீளக் கண்டார். இலையிலுள்ள இரும்பை அளக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

இலையைக் கழுவி, உலர்த்திப் பொடித்து, ஏறக்குறைய 500 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சாம்பலாக்குக. அச்சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திற் கரைத்து, ஹைட்ராக்சிலமீன் சேர்த்தால், பெர்ரிக் இரும்பு பெர்ரஸ் இரும்பாக மாறும். பின்னர்ப் பெனாந்த்ரோலீன் சேர்க்கச் செம்மஞ்சள் நிறம் தோன்றும். இரும்பு மிகுந்தால் நிறமும் மிகும். அளவு தெரிந்த கரைசல்களின் நிறத்தோடு, 510 நானோமீட்டர் ஒளியில் அதனை ஒப்பிட்டுக் கணக்கிடலாம்.

முறை எளிதே, ஆயினும் பிழை புகும் வாயில்கள் பல. அவற்றுள் முதன்மையானது புழுதி. உலர்ந்த இலை ஒரு கிலோகிராமில் 100 மில்லிகிராம் இரும்பு உளதெனக் கொள்வோம். நூற்றுக்கு 4 பங்கு இரும்புள்ள மண் ஒரே கிராம் அதில் ஒட்டியிருப்பின், அம்மண்ணே 40 மில்லிகிராம் இரும்பைக் கூட்டிவிடும்! ஆகவே, இலையை உலர்த்துமுன் வாலைவடிநீரால் விரைந்து கழுவுதல் வேண்டும். இரும்புக் கத்தியும் ஆகாது. இலையின்றி அமிலங்களை மட்டும் கொண்டு வெற்றுச் சோதனையொன்றும் செய்து, அதில் தோன்றும் அளவைக் கழித்தல் வேண்டும்.

இனி, விந்தையொன்று கேண்மின். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் வெளுத்து நிற்கும் இலையை இவ்வாறு அளந்தால், பசிய இலைக்கு நிகராகவும், சிற்சில வேளை மிகுதியாகவும் இரும்பு காணப்படும். காரணம் யாது? உள்ள இரும்பனைத்தும் செடிக்குப் பயன்படும் நிலையில் இல்லை. சாம்பலாக்கினாலோ பயன்படுவதும் படாததும் ஒன்றாகிவிடும். இக்குறை நீங்க, 1980-இல் கட்யால், சர்மா என்னும் இந்திய ஆய்வாளர் இருவர், பச்சிலையை எரியாமல் நறுக்கி, பெனாந்த்ரோலீன் கரைசலில் ஊறவைத்து, பெர்ரஸ் இரும்பை மட்டும் அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர்.

முழு இரும்பின் கணக்கை மட்டும் நம்பி, "இப்பயிருக்கு இரும்புக் குறையில்லை" என்று உழவனுக்கு உரைப்போமாயின், அன்னபேதி தெளித்துக் காக்கத்தக்க பயிரும் வாடும். ஆதலின், எவ்வளவு என்று அளக்குமுன், எதனை அளக்கின்றோம் என்று தெளிதலே மாணவர்க்கு முதற்கடன் என்க.