அட்டை கடிச்சது பெருசில்லீங்க, சொறிஞ்சதுதான் பெருசு!

ஆனைமலையைத் தாண்டி, ஆழியாறில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. மழைக்காலத்தில் டூர் போற நம்மாளுங்க, போட்டோவோடு அட்டைக்கடியையும் சேர்த்துத்தான் கொண்டு வர்றாங்க. அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத ஹிருடின் இருக்கு. அதனால் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும். அப்புறம் சில நாள் அரிக்கும். வினையே அந்த அரிப்பில்தான்.

உள்ளே வருவது யார்?

ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, சுமார் பத்தில் மூன்று பேரின் மூக்குக்குள் சும்மா குடியிருக்கு. தோல் முழுசா இருக்கும்வரை தொல்லை இல்லை. நகம் கீறினால் அதுவே வாசல்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

- முடிக்கால் சுற்றி சின்னச் சின்னச் சீழ்ப்பொட்டு: மயிர்க்கால் அழற்சி.
- தேன் நிறத்தில் பொருக்கு: இம்பெடிகோ. தொட்டால் பரவும்.
- சிவந்து, சூடாக, வலியோடு வீக்கம்: சீழ்க்கட்டி.

என்ன செய்யணும்?

அட்டையைப் பிய்க்காதீங்க. ஒல்லியான முனைக்கு அடியில் ஐடி கார்டு ஓரத்தை விட்டு நகர்த்துங்க. சோப்பு போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடிங்க. நகம் வெட்டுங்க. கட்டி வந்தால் வெந்நீரில் நனைத்த துணியை 10 நிமிஷம், தினம் மூணு நாலு தடவை வையுங்க. பிதுக்கவே கூடாது, முக்கியமா மூக்கைச் சுற்றி. ஹாஸ்டலில் துண்டு, ரேஸர் பகிர வேண்டாம். சின்ன இடத்தில் பரவினால் டாக்டர் முபிரோசின் களிம்பு எழுதலாம். சொன்ன நாள்வரை போடணும்.

எது கூடாது?

ரூம்மேட்டோட "எல்லாத்துக்கும் கேக்குற" க்ரீம். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். ரெண்டு நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கும். ஆனால் அடங்கியது தோலின் எதிர்ப்புதான், கிருமி இல்லை. அது உள்ளுக்குள்ள பரவும். ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கியாச்சு.

காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, புண்ணிலிருந்து மேலேறும் சிவப்புக் கோடு, இதில் ஒண்ணு தெரிஞ்சாலும், சர்க்கரை நோய் இருந்தாலும், காத்திருக்காதீங்க. பொள்ளாச்சி அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து டாக்டரிடமோ அன்னைக்கே போங்க. இன்டர்னல் டெஸ்ட்டை அப்புறம்கூட எழுதிக்கலாம்.